முழங்கால் கீல்தான், ஆனால் கதவின் கீல் அல்ல

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. கடந்த ஓராண்டாகத் தினமும் காலையில் கழுத்து முதல் கணுக்கால் வரை எல்லா மூட்டுகளையும் இருபது இருபது முறை சுழற்றும் பயிற்சி செய்துவருகிறேன். மூன்று மாதங்களாக இடது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. பாதங்களைச் சேர்த்து நின்று, சற்றுக் குனிந்து, முழங்கால்கள்மீது கைகளை வைத்து வட்டமாகச் சுழற்றும்போது வலி அதிகம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், "முழங்கால் ஒரு கீல் மூட்டு, அது சுழலவே சுழலாது" என்கிறான். சுழலாது என்றால், நான் ஓராண்டாகச் சுழற்றியது எதை? எந்த மூட்டு எந்தப் பக்கம் அசையும் என்று விளக்குவீர்களா? விரல்களில் சொடுக்கு எடுத்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வரும் என்பது உண்மையா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

"நான் ஓராண்டாகச் சுழற்றியது எதை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டு வலியோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டால் என் வேலை பாதியாகக் குறைந்துவிடும். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுழற்றியது உங்கள் கணுக்கால்களையும் இடுப்பு மூட்டுகளையும்தான். இவை இரண்டும் போட்ட வட்டத்துக்கு நடுவே முழங்கால் இழுபட்டுப் போய் வந்திருக்கிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, உடல் எடை மேலிருந்து அழுத்துகிறது, அந்த நிலையில் தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின்மேல் ஒரு முறுக்கு முறுக்குகிறது. தினமும் இருபது முறை. இன்றோடு அந்த ஒரு பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மற்றவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மகன் படித்தது தவறில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் அடங்கிவிடும் முழங்கால், உண்மையில் அந்த வரியை மீறும் மூட்டு. அதைப் புரிந்துகொள்ள, 'சுழற்றுதல்' என்ற சொல்லையே முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கையை முன்னே நீட்டுங்கள். விரல் நுனியால் காற்றில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். இது வட்டமிடுதல். கை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் போவதைத் தொடர்ச்சியாகக் கோத்தால் வட்டம் வந்துவிடும். இப்போது அதே கையை அசையாமல் நீட்டிக்கொண்டு, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படியும் பிறகு தரையைப் பார்க்கும்படியும் திருப்புங்கள். விரல் நுனி வட்டம் எதுவும் போடவில்லை, ஆனால் கை தன் அச்சிலேயே திரும்புகிறது. இது சுழலுதல். பேச்சில் நாம் இரண்டையும் 'சுழற்று' என்கிறோம். மூட்டுக்கோ இரண்டும் முற்றிலும் வேறு. வட்டமிடத் தெரிந்த மூட்டுகள் சிலவற்றுக்குச் சுழலத் தெரியாது. முறுக்குக் காயங்கள் பலவும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மூட்டு என்றால் எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். அசைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மண்டையோட்டின் எலும்புகள் தையல் போட்டதுபோல் பல்லுக்குப் பல் கோத்து நிற்கின்றன, அவை அசையா மூட்டுகள். குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் இடம், அந்தத் தையல்கள் இன்னும் சேராத இடைவெளி. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூடிவிடும். முதுகெலும்புத் துண்டுகளுக்கு இடையே தட்டுகள் இருக்கின்றனவே, அவை சிறிதளவே அசையும் குருத்தெலும்பு மூட்டுகள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்புகள் சேரும் இடமும் அப்படித்தான், பேறுகாலத்தில் அது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இந்த இரு வகைகளையும் இத்துடன் விட்டுவிடுகிறேன். நீங்கள் காலையில் அசைப்பதில் பெரும்பகுதி மூன்றாவது வகை, உயவு மூட்டுகள்.

இவற்றில் எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். இரண்டையும் ஓர் உறை சூழ்ந்திருக்கும். உள்ளே வழவழப்பான திரவம். எவ்வளவு திரவம் என்று நினைக்கிறீர்கள்? உடலின் மிகப் பெரிய மூட்டான முழங்காலில்கூட, நலமாக இருக்கும்போது, ஒரு தேக்கரண்டி நிறையாது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தும்போது பிழிந்து, விடும்போது உறிஞ்சி, அந்தத் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மூட்டு வலி என்று சொல்பவரிடம் "அசைக்காமல் வைத்திருங்கள்" என்று சொல்ல நான் மிகவும் தயங்குவேன். அசைவு மூட்டுக்குத் தேவை. எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி.

தோளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சுதந்திரத்துக்கு உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். பந்துக் கிண்ண மூட்டு என்று பெயர். ஆனால் தோளில் கிண்ணம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அது ஓர் ஆழமற்ற தட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரு நேரத்தில் அதன்மேல் உட்காருவதில்லை. விளிம்பில் ஒரு குருத்தெலும்பு வளையம் கொஞ்சம் ஆழம் கூட்டுகிறது. நான்கு தசைகள் சுற்றிலும் பிடித்து, உருண்டையைத் தட்டின் நடுவில் வைத்திருக்கின்றன. எலும்பு தராத உறுதியைத் தசை தருகிறது. கையை எந்தப் பக்கமும் கொண்டுபோகலாம், வட்டமிடலாம், சுழற்றலாம். அதற்கு ஈடாக, பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவதும் தோள்தான்.

தோளில் வலி இல்லாதவர் என்றால் இதைச் செய்து பாருங்கள். கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி உட்பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக மேலே தூக்குங்கள். தோள் மட்டத்தைத் தாண்டியதும் ஏதோ தடுக்கும். வலுக்கட்டாயமாகத் தூக்க வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். இப்போது கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைத் திருப்பித் தூக்குங்கள். காதருகே போய்விடும். மேற்கை எலும்பின் தலைக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. கை உட்பக்கம் திரும்பியிருந்தால் அது மேலே உள்ள தோள்பட்டைக் கூரையில் முட்டுகிறது. வெளிப்பக்கம் திருப்பினால் முட்டாமல் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. தூக்குதல் என்பது தனி அசைவாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது. தோள் இறுகிப்போனவர்கள் "கை மேலே போகவில்லை" என்பார்கள். சோதித்துப் பார்த்தால் முதலில் தொலைந்தது வெளிப்பக்கச் சுழற்சியாகவே பல முறை இருக்கும்.

இன்னொன்று. கை 180 பாகை தூக்கப்படும்போது அதில் ஏறக்குறைய 120 பாகைதான் பந்துக் கிண்ணத்தின் பங்கு. மீதி 60 பாகை, முதுகின்மேல் தோள்பட்டை எலும்பு வழுக்கித் திரும்புவதால் வருகிறது. பக்கத்து எலும்பின் இந்த உதவியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கான விடையும் இதே வழியில்தான் வரப்போகிறது.

முழங்கை நல்ல கீல். மடக்கலாம், நீட்டலாம், மடக்குவது 145 பாகை அளவுக்குப் போகும். "ஆனால் சாவியைத் திருப்பும்போது முழங்கைக்குக் கீழே சுழலுகிறதே?" என்று உங்கள் மகன் கேட்பான், கேட்கட்டும். அங்கே கீலோடு, அச்சில் சுழலும் முளை மூட்டு ஒன்றும் ஒரே உறைக்குள் குடியிருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நகராமல் நிற்க, கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு அதன்மேல் குறுக்காகப் புரண்டு வருகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 80 பாகைக்குச் சற்று முன்பின்னாக நின்றுவிடும். கையை நீட்டிக்கொண்டு திருப்பினால் இன்னும் அதிகம் திரும்பும், ஏனென்றால் இப்போது தோளும் சேர்ந்துகொண்டது. ஸ்குரூ முடுக்குகிறவர்கள் முழங்கையை மடக்கி வைத்து முடுக்கினால், அந்த வேலையை முன்கையே செய்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மணிக்கட்டு நீள்வட்ட மூட்டு. மேலே, கீழே, இடம், வலம். இவற்றைக் கோத்து அழகாக வட்டமிடும். ஆனால் தன் அச்சில் அது சுழல்வதில்லை என்றே சொல்லலாம். மணிக்கட்டு சுழல்கிறது என்று நாம் நினைப்பதெல்லாம் முன்கையின் வேலை.

விரல் முட்டிகளில் ஒரு விந்தை இருக்கிறது, இதை உங்கள் வகுப்பு மாணவர்களுக்கும் காட்டலாம். விரல்களை நீட்டி அகல விரியுங்கள், தாராளமாக விரியும். இப்போது விரல்களை அடி முட்டியில் மட்டும் 90 பாகை மடக்கி, அதே நிலையில் விரிக்கப் பாருங்கள். விரியாது. எலும்பு அதே எலும்பு, தசையும் அதே தசை. மடக்கும்போது, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் பக்கவாட்டு நார்கள் விறைத்து இழுத்துக் கட்டிவிடுகின்றன. பொருளை இறுகப் பிடிக்கும்போது விரல்கள் பக்கவாட்டில் தள்ளாடாமல் இருப்பது இதனால்தான். ஒரு மூட்டு எவ்வளவு அசையும் என்பது அந்த நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழங்காலுக்கும் இதே விதிதான்.

கட்டைவிரலின் அடிமூட்டு சேண மூட்டு. குதிரைச் சேணத்தின்மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்தது போல. மற்ற நான்கு விரல் நுனிகளையும் கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டு வருகிறதே, பேனா பிடிப்பதும் பொத்தான் போடுவதும் நூல் கோப்பதும் அந்த ஒரு மூட்டின் தயவில். இத்தனை உழைப்பதால் தேய்மானம் எளிதில் வரும் இடமும் அது, நடுவயதைக் கடந்த பெண்களுக்குக் கூடுதலாக வரும். மூடியைத் திறக்கும்போது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்றால் அலட்சியம் செய்யாதீர்கள்.

இனிக் கால்.

இடுப்பு மூட்டும் பந்துக் கிண்ணம்தான், ஆனால் இங்கே கிண்ணம் உண்மையிலேயே கிண்ணம். தொடை எலும்பின் தலை ஆழமாகப் புதைந்திருக்கிறது. முன்பக்கத்தில் உடலின் மிக வலுவான நார்களில் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறது. தோளளவு சுதந்திரம் கிடையாது, ஆனால் எடை தாங்குவதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தொடையை வயிற்றின் பக்கம் கொண்டுவந்தால் 120 பாகை அளவுக்கு வரும். முழங்காலை நீட்டியபடி காலைத் தூக்கினால் 80, 90 பாகையிலேயே பலருக்கு நின்றுவிடும். எலும்பு தடுக்கவில்லை. தொடையின் பின்தசை இடுப்பு, முழங்கால் என்ற இரண்டு மூட்டுகளையும் கடந்து போவதால், இரண்டு பக்கமும் நீளக் கொடுக்க அதனிடம் நீளம் இல்லை. குனிந்து தரையைத் தொட முடியாதவர்கள் முதுகைக் குறை சொல்வார்கள், குறை பல நேரம் தொடையில்.

முக்கியமாக, இடுப்பு மூட்டு சுழலும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மடங்கியபடி, தொடையை நகர்த்தாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்கிக் கொண்டுபோங்கள். அப்போது தொடை எலும்பு உட்பக்கம் சுழல்கிறது. பாதத்தை உட்பக்கம் கொண்டுவந்தால் தொடை வெளிப்பக்கம் சுழல்கிறது. பாதம் போகும் திசையும் தொடை திரும்பும் திசையும் எதிரெதிராக இருப்பதால் படிக்கும் மாணவர்களே இதில் தடுமாறுவார்கள். நலமான இடுப்பில் ஒவ்வொரு பக்கமும் 40 பாகை அளவுக்கு எதிர்பார்க்கலாம். நீங்கள் இதை இரண்டு காலிலும் செய்து, இடது பக்கம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கணுக்கால் மறுபடி ஒரு கீல். பாதத்தை மேலே தூக்குவது 20 பாகை, கீழே அழுத்துவது 50 பாகை அளவு. பாதத்தை உட்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்ப்பது அதற்குக் கீழே உள்ள இன்னொரு மூட்டின் வேலை. இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் போடும் கணுக்கால் வட்டம். கணுக்காலில், கீழ்க்கால் எலும்புகளின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் பாத எலும்பின் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதம் மேலே தூக்கியிருக்கும்போது அகலமான பகுதி இடுக்கில் கச்சிதமாகப் பொருந்தி உறுதியாக நிற்கும். நுனிக்காலில் நிற்கும்போது குறுகலான பகுதி வந்துவிடுவதால் தளர்ந்து ஆடும். படியிறங்கும்போதும் குதித்து இறங்கும்போதும் கணுக்கால் பிசகுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முழங்காலுக்கு வருகிறேன். மேலே எல்லாப் பக்கமும் திரும்பும் இடுப்பு. கீழே ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்பச் சாயும் பாதம். நடுவில், உடலின் மிக நீளமான இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில், இது. மடக்கினால் 135, 140 பாகை. நீட்டினால் நேர்கோடு. கீல் என்று சொல்லக் காரணம் இதுதான்.

ஆனால் கதவின் கீலில் ஊசி ஒன்று நடுவே நிற்கும், கதவு அதைச் சுற்றியே வரும். முழங்காலில் அப்படி ஊசி கிடையாது. தொடை எலும்பின் இரண்டு உருண்ட முனைகள், ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் உருண்டு, கூடவே வழுக்கி, கூடவே சற்றுத் திரும்பியும் போகின்றன. உட்பக்க முனையும் வெளிப்பக்க முனையும் ஒரே அளவு இல்லை. ஆகவே காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு தானாகவே சில பாகை வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. நீண்ட நேரம் நின்றாலும் தொடைத் தசை களைக்காமல் இருக்க இந்தப் பூட்டு உதவுகிறது. மடக்கத் தொடங்கும்போது, முழங்காலின் பின்னே உள்ள ஒரு சிறு தசை அதை எதிர்ப்பக்கம் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது.

உட்கார்ந்த நிலையில் இதை உணரலாம். நாற்காலியில் அமர்ந்து முழங்காலை 90 பாகை மடக்குங்கள். பாதம் தரையில் இலேசாகத் தொட்டால் போதும். முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே, எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். அந்த மேடு இடமும் வலமும் நகர்வது விரலுக்குத் தெரியும். மடங்கிய முழங்கால் இப்படி வெளிப்பக்கம் 40 பாகை வரையும் உட்பக்கம் 30 பாகை வரையும் திரும்பும். காலை நேராக நீட்டிக்கொண்டு திருப்பினால்? மேடும் பாதமும் முழுக் காலோடு சேர்ந்துதான் திரும்பும், அதாவது திரும்புவது இடுப்பு. விரல் முட்டியில் பார்த்த அதே விதி, இங்கே தலைகீழாக. நீட்டியபோது நார்கள் விறைக்கின்றன, மடக்கியபோது தளர்கின்றன.

ஆகவே உங்கள் மகனுக்கு விடை: முழங்கால் சுழலும். ஆனால் மடங்கியிருக்கும்போது மட்டும், ஓரளவுக்கு மட்டும். வட்டமிட அதற்குத் தெரியாது. வட்டமிட வேண்டுமானால் பக்கவாட்டு அசைவு வேண்டும், அதைத் தடுப்பதற்காகவே இரு பக்கமும் நார்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

இனி உங்கள் பயிற்சியை இதோடு பொருத்திப் பாருங்கள். சற்றுக் குனிந்து, முழங்காலை இலேசாக மடக்கி நிற்கிறீர்கள், பூட்டுத் திறந்துவிட்டது. பாதம் ஊன்றியிருப்பதால் கீழே திரும்ப இடமில்லை. கைகள் முழங்காலைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. கணுக்காலும் இடுப்பும் எவ்வளவு இடம் கொடுக்கின்றனவோ அவ்வளவு வட்டம் சுலபமாக வரும். அவற்றில் ஒன்று இறுகியிருந்தால், விட்டுப்போன பாகைகளை நடுவில் உள்ளவர்தானே கொடுக்க வேண்டும்? எடையோடு சேர்ந்த அந்த முறுக்கு, முழங்காலுக்குள் உள்ள இரண்டு பிறைவடிவக் குருத்தெலும்பு மெத்தைகளில் விழுகிறது. மெனிஸ்கஸ் என்பது இவற்றைத்தான். உட்பக்க மெத்தை பக்கவாட்டு நாரோடு ஒட்டியிருப்பதால் அதிகம் நகர முடியாது. வெளிப்பக்கத்தது நகர்ந்து தப்பித்துவிடும், உட்பக்கத்தது நசுங்கும். உங்களுக்கு உட்பக்கம் வலிப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஆனால் கடிதத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. உட்பக்க நார், அதற்குக் கீழே தசைநாண்கள் ஒட்டும் இடம், தேய்மானத்தின் தொடக்கம் ஆகியவையும் அதே பக்கம்தான் வலிக்கும்.

இந்தப் பயிற்சி செய்கிற எல்லோருக்கும் முழங்கால் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல முழங்கால் உள்ள இளைஞர் நான்கு சிறு வட்டங்கள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் முழங்காலுக்கு அதனால் கிடைக்கும் நன்மை என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. வலி தொடங்கிய பிறகும் அதைச் செய்வது நிச்சயம் தவறு.

அதற்குப் பதிலாக, எந்த மூட்டுக்கு எது தெரியுமோ அதைக் கேளுங்கள். முழங்காலுக்கு மடக்கலும் நீட்டலும். மல்லாந்து படுத்து, குதிகாலைத் தரையோடு தேய்த்தபடி உடலை நோக்கி இழுங்கள், பிறகு நீட்டுங்கள். நீட்டிய நிலையில் தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். இது வலியில்லாமல் வந்தால், உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும், உட்பக்கம் சாயக் கூடாது. சுழற்சியை இடுப்புக்குக் கொடுங்கள், மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சி அதற்குப் போதும்.

கணுக்காலை மறந்துவிடாதீர்கள், என் சந்தேகமெல்லாம் அங்கேதான். சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் எவ்வளவு? இடது கணுக்கால் எப்போதோ பிசகி, வலி போனதும் மறந்துபோனதாக இருந்தால், பாதத்தை மேலே தூக்கும் சில பாகைகள் திரும்பக் கிடைக்காமலே இருந்திருக்கலாம். அப்படி இருப்பவர்கள் படியிறங்கும்போது பாதம் உட்பக்கம் சரியும், கூடவே முழங்காலும் உட்பக்கம் சரியும். முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே இருப்பார்கள். கணுக்காலைச் சரிசெய்தபின் முழங்கால் வலி குறைவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் என்று உறுதி கூற முடியாது, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

பட்டியலில் மீதி இருப்பவை: தோள், மணிக்கட்டு, கணுக்கால் வட்டங்கள் தொடரட்டும். முழங்கைக்கு வட்டம் வேண்டாம், மடக்கி நீட்டி, உள்ளங்கையைத் திருப்பினால் போதும். 'இடுப்பைச் சுற்றுவது' என்று கீழ்முதுகை முறுக்குவதைக் குறையுங்கள். கீழ்முதுகின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின்மேல் இரண்டு பாகை அளவே திரும்பும், அங்குள்ள சிறு மூட்டுகள் குனிந்து நிமிர்வதற்கென அமைந்தவை. உடலைத் திருப்புவது பெரும்பாலும் மார்புப் பகுதி முதுகும் இடுப்பு மூட்டும் செய்யும் வேலை.

கழுத்து வட்டமும் எனக்குப் பிடிக்காதது. ஆம் என்று தலையசைப்பது மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே. இல்லை என்று தலையாட்டுவது முதல் எலும்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே, அங்கே ஒரு முளையைச் சுற்றி வளையம் திரும்புகிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே மூட்டில் நடக்கிறது. இவற்றைத் தனித்தனியாகச் செய்யுங்கள்: குனிந்து நிமிர்தல், இடம் வலம் திரும்புதல், காதைத் தோள் பக்கம் சாய்த்தல். தலையைப் பின்னால் தொங்கவிட்டு முழு வட்டம் போடுவதை விட்டுவிடுங்கள். எந்தக் கழுத்து அசைவிலாவது தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சொடுக்கு எடுப்பதால் மூட்டுவாதம் வரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மூட்டை இழுக்கும்போது உறைக்குள் அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து ஒரு வெற்றிடம் தோன்றுகிறது. 2015-இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் முட்டியை எம்ஆர்ஐ கருவிக்குள் இழுத்துப் பார்த்து, சத்தம் வரும் கணத்தில் இந்த இடைவெளி உருவாவதைப் படமெடுத்தார்கள். ஒருமுறை சொடுக்கிய விரல் உடனே மறுபடி சொடுக்காமல் சற்று நேரம் கழித்தே சொடுக்குவதும் இதனால்தான். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 50 ஆண்டுகள் இடது கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கி, வலது கையை விட்டுவைத்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். ஒரே ஒருவரின் அனுபவம் முடிவான சான்றாகாது என்றாலும் பயப்படுகிறவர்களுக்கு ஆறுதல். வலியோடு வரும் சொடுக்கும், வீங்கிய மூட்டில் வரும் சத்தமும் வேறு. அவற்றைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் முழங்காலுக்கு இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குள் தெளிவான மாற்றம் இல்லையென்றால் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். முழங்கால் பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, வீங்கினாலோ, நடக்கும்போது சட்டென்று மடிந்து விழப்பார்த்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். "ஜவ்வு போய்விட்டது" என்று மட்டும் சொன்னால், மெனிஸ்கஸா, நாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறார்கள், சிகிச்சை வேறு வேறு.

அங்கே வலிக்கும் இடத்தைக் கேட்பார்கள். உள்ளங்கையால் முழங்கால் முழுவதையும் தடவிக் காட்டாதீர்கள். வீட்டிலேயே ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, அதிகம் வலிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு போங்கள். இரண்டு எலும்புகளும் சந்திக்கும் இடுக்கின் கோட்டிலேயே இருக்கிறதா, இரண்டு மூன்று விரல் கீழே இருக்கிறதா என்பது தெரிந்தால், சோதிப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்துவிடுவார்.